வயதான பூனைக்குச் சர்க்கரை நோய்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

வயது முதிர்ந்த பூனைகளின் சர்க்கரை நோயைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆண் பூனை மணிக்கு 11 வயது. கருத்தடை அறுவை செய்திருக்கிறோம். ஆறேகால் கிலோ இருந்தவன் நான்கு மாதத்தில் நாலேமுக்கால் கிலோவாக இளைத்துவிட்டான். சாப்பாட்டில் குறையே இல்லை. ஆனால் குளியலறை வாளியில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறான். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. மருத்துவமனையில் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை 390 என்றும், தினம் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்யலாமா? சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். இந்த வயதில் அவனைத் தினமும் ஊசியால் குத்த வேண்டுமா, டாக்டர்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் முதல் சந்தேகம் நியாயமானது. பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரவேற்பறையில் காக்கவைத்து ரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் பயத்தினால் சர்க்கரை 300-ஐத் தாண்டுவது உண்டு. ஆகவே ரத்தத்தில் ஒருமுறை தெரிந்த எண்ணை மட்டும் வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் மணியிடம் எண் மட்டும் இல்லை. அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எறும்பு மொய்ப்பதும் பொருளுள்ள அறிகுறிதான். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 270-ஐத் தாண்டும்போதுதான் பூனையின் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடத் தொடங்கும். மனம் முழுதாகத் தெளிய வேண்டுமானால், வீட்டிலேயே சிறுநீரைப் பிடித்துப் பரிசோதனைப் பட்டையால் சர்க்கரையும் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்; ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அது கடந்த ஓரிரு வாரங்களின் நிலையைக் காட்டுவதால், அன்றைய பயத்தினால் மாறாது. இன்னொரு மருத்துவரின் கருத்தும் வேண்டுமென்றால், உங்கள் ஊரிலேயே இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கூடவே ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். அரிப்புக்கோ, ஈறு வீக்கத்துக்கோ, மூச்சிரைப்புக்கோ அண்மையில் ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போடப்பட்டதா? சில ஸ்டீராய்டு ஊசிகள் வாரக்கணக்கில் உடலில் தங்கி, சர்க்கரை நோயைத் தூண்டிவிடும். மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சிறுகுறிஞ்சானையும் பாகற்காயையும் வெந்தயத்தையும் தயவுசெய்து பூனைக்குக் கொடுக்காதீர்கள். பூனையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சுரப்பு குறைகிறது. உடற்பருமனால் இருக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. எவ்வளவுக்கு முன்னதாக இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறோமோ, அவ்வளவுக்கு எஞ்சியிருக்கும் சுரப்புத் திசு ஓய்வுபெற்று மீள வாய்ப்புண்டு. முதல் ஆறு மாதங்களில் நன்றாகக் கவனிக்கப்பட்ட பூனைகளில் கணிசமானவை, பிறகு ஊசியே தேவைப்படாத நிலையை அடைகின்றன. மனிதர்களின் சர்க்கரை நோயில் நாம் பார்த்துப் பழகியதைவிட இது நம்பிக்கை தரும் செய்தி. பொடி கொடுத்துப் பார்க்கும் வாரங்களில் அந்த வாய்ப்புதான் நழுவிப்போகும்.

ஊசியைப் பற்றி நீங்கள் படும் வேதனை எனக்குப் புரிகிறது. இன்சுலின் சிரிஞ்சின் ஊசி மிக மெல்லியது. சாப்பாட்டுத் தட்டில் முகம் புதைத்திருக்கும் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிடரியைவிட மார்புக்கூட்டின் பக்கவாட்டிலோ வயிற்றின் பக்கவாட்டிலோ போடுவது நல்லது. அங்கே மருந்து சீராக உறிஞ்சப்படும். இரு விரல்களால் தோலைக் கூடாரம்போல் உயர்த்தி, அதன் அடிப்பகுதியில் உடலுக்கு இணையாகச் சற்றுச் சாய்த்து ஊசியைச் செலுத்தி மருந்தை அழுத்துங்கள். எடுத்தபின் அந்த இடத்து ரோமத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்து மருந்து வாடை வந்தால், ஊசி தோலின் மறுபக்கம் வெளிவந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் இரண்டாவது முறை போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவே. அளவு இரட்டித்தால் அன்றைக்கே உயிர் போகலாம். வீட்டில் இருவர் மாறி மாறி ஊசி போடுவதாக இருந்தால், போட்டவுடன் குறித்துவைக்க ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். போட்டோமா இல்லையா என்று ஐயம் வந்தால், போட்டதாகவே கொள்ளுங்கள்.

கேள்வி: 13 வயதான என் பெண் பூனைக்குக் கிளார்ஜின் இன்சுலின் காலையிலும் மாலையிலும் ஒரு யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார்கள். மேலும், ஒரு யூனிட் என்பது கண்ணுக்கே தெரியாத அளவாக இருக்கிறதே, தண்ணீர் கலந்து போடலாமா?
— வாசகர், சென்னை

பதில்: எல்லாம் ஒன்று அல்ல. இந்தப் பகுதியில் வேறு எதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் இதை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருப்பது மற்றொன்று. அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வழக்கமான கிளார்ஜின் 100 யூனிட் செறிவுள்ளது. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘1’ என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே வருவது இரண்டரை யூனிட். இரண்டு யூனிட் போடச் சொன்ன பூனைக்கு ஐந்து யூனிட் போய்விடும். நாலு கிலோ எடையுள்ள உயிருக்கு அது பெரிய ஆபத்து. மாறாக, பிராணிகளுக்கென்றே வரும் 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் பாதிக்கும் குறைவான மருந்துதான் போகும். ‘போட்டும் குறையவில்லையே’ என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு வாங்கி வரும்போது விபரீதம் நேரும். புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் நீங்களே பாருங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இப்போது கையில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை வீட்டில் வைத்திராமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் கலக்கவே கூடாது. கிளார்ஜின் அமிலத்தன்மையுள்ள கரைசல். தோலுக்கடியில் போய் அமிலம் சமன்படும்போது நுண்துகள்களாகப் படிந்து, அங்கிருந்து மெல்ல மெல்லக் கரைவதால்தான் அது நெடுநேரம் வேலை செய்கிறது. நீர் கலந்தால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். அளவு துல்லியமாக வேண்டுமானால், 0.3 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள, அரை யூனிட் கோடுகள் போட்ட 100 யூனிட் சிரிஞ்சு கிடைக்கிறது. எல்லாக் கடைகளிலும் இருப்பில் இருக்காது, சொல்லிவைத்து வாங்குங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 மில்லிலிட்டர் புட்டியில் 1,000 யூனிட் இருக்கும். இன்சுலின் பேனாவில் பொருத்தும் 3 மில்லிலிட்டர் காட்ரிட்ஜ் என்ற சிறு குழலில் 300 யூனிட். உங்கள் பூனைக்கு மாதத்துக்கு 60 யூனிட்தான் தேவை. எனவே பெரிய புட்டி வீணாகும், காட்ரிட்ஜே போதும். அதற்குள் காற்றை ஏற்றாமல் சிரிஞ்சால் எடுக்கும் முறையை உங்கள் மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மருந்தைக் குலுக்கக் கூடாது, உறையவிடவும் கூடாது. ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். தெளிந்த நீராக இருக்க வேண்டிய கிளார்ஜின் கலங்கியிருந்தால் தயங்காமல் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பூனை குட்டியிலிருந்தே பால் சாதமும் தயிர் சாதமும் கருவாடும் சாப்பிட்டு வளர்ந்தது. இப்போது கடைத் தீனியும் தருகிறோம். சர்க்கரை நோய் வந்தபின் என்ன கொடுப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி ஏறக்குறைய இல்லை. ஒரே வேளையில் வந்து சேரும் மிகுதியான சர்க்கரையைக் கையாளும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு. ஆகவே சோற்றை நிறுத்துவதுதான் சரி. பாலும் வேண்டாம். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

கடைத் தீனியில் உலர்ந்த உருண்டைகளைவிட ஈரத் தீனியே நல்லது. பொட்டலத்தில் மாவுச்சத்தின் அளவு பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது, நீங்களே கணக்கிடலாம். புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் (தாது உப்புகள்) ஆகிய சதவீதங்களைக் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். சாம்பல் குறிப்பிடப்படவில்லையென்றால் உலர்தீனிக்கு 8, ஈரத் தீனிக்கு 2 என்று கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 32 புரதம், 12 கொழுப்பு, 10 ஈரம், 4 நார், 8 சாம்பல் என்றிருக்கும் உலர்தீனியில் எஞ்சுவது 34 விழுக்காடு மாவுச்சத்து. அது தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாவிலிருந்தே வருகிறது. 11 புரதம், 4 கொழுப்பு, 80 ஈரம், 1 நார், 2 சாம்பல் என்றிருக்கும் ஈரத் தீனியில் எஞ்சுவது 2. ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு நாம் தேடுவது இத்தகைய உணவையே.

வீட்டில் வேகவைத்த கோழியும் மீனும் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல், எலும்பும் முள்ளும் நீக்கிக் கொடுக்கலாம். ஆனால் அதுவே முழு உணவாகாது. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. டாரின் என்ற சத்தும் வேகும்போது வெந்நீரோடு போய்விடும். டாரின் குறைந்தால் பூனையின் இதயமும் பார்வையும் கெடும். கோழி இதயத்தைச் சேர்ப்பதும் வெந்த நீரோடு கொடுப்பதும் உதவும். என்றாலும் நெடுநாளுக்கு வீட்டுச் சமையல்தான் என்றால், என்ன சத்துமருந்து எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் புரதத்தின் அளவையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வயதான பூனைகளில் இரண்டும் சேர்ந்து வருவது அரிதன்று.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு ஒரே நாளில் சோற்றை நிறுத்திக் கறிக்கு மாற்றிவிட்டால், இன்சுலின் தேவை திடீரென்று குறையும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாக மாற்றுங்கள். பருத்த பூனையாக இருந்தாலும் பட்டினி போடாதீர்கள். பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு அளவில் குறைந்தால் போதும்.

கேள்வி: அப்பாவின் குளுக்கோமீட்டரையே பூனைக்கும் பயன்படுத்தலாமா? எங்கே குத்துவது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் மனிதர்களுக்கான கருவி பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பிராணிகளுக்கான கருவி கிடைத்தால் அதுவே மேல். எதுவாயினும் ஒரே கருவியை வைத்துக்கொண்டு, அது எந்தக் கருவி என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காதின் வெளியோரத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஓடும், விளக்கொளியில் தெரியும். வெதுவெதுப்பான துணியைச் சற்று நேரம் காதில் ஒற்றி, உட்புறம் சிறு பஞ்சைத் தாங்கலாக வைத்து, குழாய்க்கும் ஓரத்துக்கும் இடையில் குத்தினால் கடுகளவு ரத்தம் போதும். குத்தி முடித்ததும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்துப் பழக்கினால், சில வாரங்களில் சிரிஞ்சுப் பெட்டியைத் திறக்கும் ஓசைக்கே பூனை ஓடிவந்து உட்காரும்.

பகல் முழுவதும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை அளந்து எழுதினால், ஒருநாளில் சர்க்கரை எங்கே இறங்குகிறது என்று தெரியும். மிகத் தாழ்ந்த அளவு 80-க்கும் 150-க்கும் இடையில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. காலையில் பார்த்த ஒரே எண்ணை நம்பி அளவை ஏற்றாதீர்கள். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. அதுவும் ஒரு வாரம் பொறுத்து, அரை யூனிட் அளவில். வேளாவேளைக்கு ரத்தம் எடுக்க முடியாத பூனைக்கு, தோலில் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் உணர்வி (சென்சார்) இருக்கிறது. மனிதர்களுக்கு 14 நாள் வருவது பூனையிடம் அதற்கு முன்பே கழன்றுவிடுவது உண்டு. இருந்தாலும் தொடக்கத்தில் ஒருமுறை ஒட்டிப் பார்ப்பது செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

எண்களைவிட நான் மதிப்பது ஒரு நோட்டுப் புத்தகத்தை. எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எடை என்ன, ஊசி எத்தனை மணிக்கு என்று நான்கு வரி எழுதுங்கள். நாலு கிலோ பூனை நாளொன்றுக்கு 400 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் நோய் கட்டுக்குள் இல்லை. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை கட்டுப்பட்டபின் இது பல பூனைகளில் மெல்லச் சரியாகிறது.

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். இங்கே பூனைகளுக்கு இன்சுலினுக்குப் பதிலாக மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். ஓராண்டாக ஊசி போடும் எங்கள் பூனையை மாத்திரைக்கு மாற்றலாமா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பெக்ஸாக்ளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாக்ளிஃப்ளோசின் திரவ மருந்துக்கு 2023 ஆகஸ்டிலும் அங்கே அனுமதி தரப்பட்டது. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. ஆனால் இன்சுலின் இதுவரை போடப்படாத, மற்றபடி நலமாக உள்ள பூனைகளுக்கே இவை உரியவை. ஓராண்டாக ஊசி போடும் உங்கள் பூனைக்குப் பொருந்தாது. இம்மருந்துகளில் ரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் பெருகி உயிருக்கு ஆபத்து வரக்கூடும் என்பதால் கண்காணிப்பும் கடுமையாக இருக்க வேண்டும். மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: பெரியவர்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையைப் பிய்த்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்ற வாரம் இரவு, ஊசி போட்ட சில மணி நேரத்தில் எங்கள் பூனை குடிபோதையில் இருப்பதுபோல் தள்ளாடிச் சுவரில் மோதியது. பயந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினோம், பிழைத்துக்கொண்டது. மறுபடி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, மதுரை

பதில்: சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்பதை நீங்கள் உடனே ஊகித்ததுதான் அதைக் காப்பாற்றியது. தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, வெறித்த பார்வை, பிறகு வலிப்பு என்று அது முற்றும். அளந்து பார்க்கும் கருவியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 60-க்குக் கீழே இருந்தாலும், அறிகுறி மட்டும் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. தன்னினைவோடு இருந்தால் முதலில் சாப்பாடு வையுங்கள். சாப்பிட முடியாத நிலையில், தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறுகளில் தடவுங்கள். வாயில் ஊற்றுவதை மட்டும் இனிச் செய்ய வேண்டாம். விழுங்கும் உணர்வு மங்கிய பூனைக்கு அது நுரையீரலில் போய்விடும். வலிப்பு இருந்தால் விரலைப் பற்களுக்கு இடையில் விடாமல் உதட்டின் உட்புறத்தில் தடவுங்கள்.

தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேன் கொடுத்த சர்க்கரை சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளே போன இன்சுலின் மேலும் பல மணி நேரம் வேலை செய்யும். மருத்துவரிடம் பேசாமல் அடுத்த ஊசியைப் போடாதீர்கள். இப்படி இறங்கியதற்குச் சிரிஞ்சு மாறியதோ, பூனை சாப்பிடாமல் இருந்தபோது முழு அளவு போட்டதோ காரணமாக இருக்கலாம். அல்லது கணையம் மீண்டு இன்சுலின் தேவையே குறைந்துகொண்டிருக்கலாம். மூன்றாவது காரணமாக இருந்தால் அது மகிழ்ச்சிக்குரியது. அதைக் கண்டுபிடிக்க மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார்.

இதற்கு நேர்மாறான நிலையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து சுருண்டு கிடந்து, மூச்சில் நெயில் பாலிஷ் நீக்கியின் வாடை அடித்தால், அது கீட்டோன் பெருகிய நிலை. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. இரவானாலும் சலைன் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு மருத்துவமனை உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது, இரவில் தொலைபேசியை எடுப்பார்களா என்பதை இன்றே விசாரித்து எழுதிவையுங்கள்.

கேள்வி: இன்சுலினை ஏற்றிக்கொண்டே போய் இப்போது வேளைக்கு 6 யூனிட் போடுகிறோம். இன்னும் 400-க்குக் குறையவில்லை.
— வாசகர், புதுச்சேரி

பதில்: மேலும் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். முதலில் மருந்து: மின்வெட்டிலோ வெயிலிலோ கெட்டிருக்கிறதா? அடுத்து சிரிஞ்சின் செறிவும் ஊசி போடும் முறையும். மருத்துவரின் முன்னிலையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பிறகு வாயைத் திறந்து பாருங்கள். அழுகிய பல்லும் சீழ்பிடித்த ஈறும் இன்சுலினை வேலை செய்யவிடாது. சிறுநீர்த் தொற்றும் கணைய அழற்சியும் அப்படியே. இவை எதுவும் இல்லையென்றால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி உண்டாகி வளர்ச்சி ஹார்மோனை மிகையாகச் சுரக்கலாம். அத்தகைய பூனை, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் இளைக்காமல் எடை கூடும், முகம் அகலும். ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும்.

கேள்வி: நான்கு நாள் திருமணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். பூனையை என்ன செய்வது?
— வாசகி, சேலம்

பதில்: புதிய இடத்தில் பல பூனைகள் சாப்பிடாமல் இருந்துவிடும், சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போடுவதே சிக்கல். ஆகவே விடுதியில் விடுவதைவிட, ஊசி போடத் தெரிந்த ஒருவர் இரண்டு வேளையும் உங்கள் வீட்டுக்கு வந்துபோவது நல்லது. புறப்படுவதற்கு முந்தைய வாரத்திலேயே அவரை வரவழைத்து, உங்கள் கண்முன் சில முறை போடவையுங்கள். எத்தனை யூனிட், எந்தக் கோடு, சாப்பிடாவிட்டால் யாரை அழைப்பது, தேன் புட்டி எங்கே என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். ஓரிரு மணி நேரம் முன்பின் ஆனால் பாதகமில்லை. அவரால் ஒரு வேளை வர முடியாமல் போனால் அந்த வேளையை விட்டுவிடச் சொல்லுங்கள்; அடுத்த வேளையில் சேர்த்துப் போட வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.